அணைக்கட்டு அத்தான்

என் அக்காவைக் கட்டியவருக்குத் தையல் ஆலையில் 'அணைக்கட்டு' என்று பெயர். முதலில் வைத்தவள் யாரென்று தெரியாது. யாராக இருந்தாலும் கெட்டிக்காரி. லைனில் குனிந்து தைக்கிற அத்தனை பெண்களின் அடிவயிற்றிலும் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்த மனிதர் அவர்.

எங்கள் ஆலையில் ஆண்களுக்கான சட்டை தைப்பார்கள். ஒரு லைன் என்றால் இரண்டு வரிசை மெஷின். ஒரு முனையில் வெட்டிய துணி கட்டுக்கட்டாக ஏறும். ஒருத்தி பாக்கெட் வைப்பாள், அடுத்தவள் தோள் சேர்ப்பாள், பிறகு காலர், பிறகு கை, கடைசியில் பட்டன். மறுமுனையில் என் இஸ்திரி மேசை. அந்த லைனுக்கு சூப்பர்வைசர் அத்தான். எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். வீட்டில் அத்தான், ஆலைக்குள் சார். ஒருமுறை வாய் தவறி எல்லார் முன்னாலும் அத்தான் என்று கூப்பிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

லைனுக்கு ஒரே ஒரு கழிப்பறை அட்டை. நீல நிறம், கழுத்தில் மாட்டக் கயிறு. அதை மாட்டிக்கொண்டவள் மட்டும் போகலாம். அவள் திரும்பும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அது கம்பெனி வைத்த விதி. ஆனால் தூணில் ஆணியில் தொங்க வேண்டிய அட்டையைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது அத்தானின் சொந்த யோசனை. போக வேண்டியவள் எழுந்து வந்து அவர் முன்னால் நின்று கேட்க வேண்டும். அவர் அவள் முகத்தைப் பார்க்கமாட்டார். அவள் மெஷினுக்குப் பக்கத்தில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்று பார்ப்பார்.

"அந்தக் கட்டை முடிச்சுட்டுப் போம்மா."

முடித்துவிட்டு வந்தால், "அதுக்குள்ள அடுத்த கட்டு வந்துடுச்சே" என்பார்.

கத்தமாட்டார். கெட்ட வார்த்தை வாயில் வராது. சிரித்த முகமாகத்தான் சொல்வார். திட்டுகிற சூப்பர்வைசர்களைப் பெண்கள் வீட்டுக்குப் போய்த் திருப்பித் திட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். இவரை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த அட்டைக்கு 'மெடல்' என்று பெயர் வைத்தார்கள். "இன்னைக்கு மெடல் கிடைச்சுதா?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வார்கள். பலர் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். காலையில் நிரப்பிக் கொண்டுவந்த பாட்டில் சாயங்காலம் அப்படியே வீட்டுக்குப் போகும். யாராவது ஒருத்திக்கு எப்போதும் எரிச்சல், காய்ச்சல், இடுப்பு வலி. லீவு கேட்டு வந்தால் அத்தான் சொல்வார்: "உங்க யாருக்குமே உடம்புல வலு இல்லம்மா."

காலர் வைக்கிற பெண்ணை எல்லாரும் காலர்காரி என்போம். பேச்சு கம்மி. காலர் முனை கத்திபோல வரும் அவள் கையில். ஒருநாள் காலையில் அவள் அட்டை கேட்டாள். கட்டை முடிக்கச் சொன்னார். முடித்தாள். மறுபடி எழுந்து வந்தாள்.

"இப்பதானே போயிட்டு வந்த?" என்றார்.

"நேத்து போனது சார்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு எமனாக வந்தது. அத்தான் அட்டையை எடுத்தார், விரலில் சுழற்றினார், மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். "சாப்பாட்டு மணி அடிக்கட்டும்."

அவள் போய் உட்கார்ந்தாள். மணி அடிப்பதற்கு முன்பே அவள் நாற்காலிக்கு அடியில் தரை நனைந்தது. மெஷினை நிறுத்தாமல் தைத்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து விழுந்தது காலர் துணிமேல் விழாமல் இருக்க முகத்தை ஒருபக்கம் திருப்பி வைத்திருந்தாள். அத்தான் பார்த்தார். தரை துடைக்கிற மாப்பை அவரே எடுத்துவந்து அவள் மெஷினில் சாய்த்து வைத்தார்.

"துணியில பட்டிருந்தா டேமேஜ்ல போட்டுடு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அவள் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த மாதிரி வேலையை விட்டுவிட்டுப் போக எல்லாராலும் முடியாது.

அத்தானுக்கு உடம்பு காட்டிக்கொடுக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகு வந்த குளிர்காலத்தில். ஆபீஸ்காரர்களுக்கான கழிப்பறை என் இஸ்திரி மேசைக்குப் பின்னால் போகிற நடையில் இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். முதலில் நான் கவனிக்கவில்லை. பிறகு, ஒரு சட்டையை மடித்து முடிப்பதற்குள் அவர் இரண்டாவது முறையாகக் கடந்து போவதைப் பார்த்தேன். உள்ளே போனால் வருவதற்கு நெடுநேரம் ஆகும். வரும்போது முகம் கடுகடுவென்று இருக்கும். பேன்ட்டின் முன்பக்கத்தைக் கணக்கெழுதுகிற பேடால் மறைத்துக்கொண்டு நடப்பார்.

வீட்டில் அக்கா சொன்னாள். "ராத்திரி பூரா எந்திரிச்சு எந்திரிச்சுப் போறார்டா. போயி நின்னா சொட்டுச் சொட்டா விழுற சத்தம்தான். திரும்பி வந்து படுப்பார், மறுபடி எந்திரிப்பார். லுங்கியெல்லாம் நாத்தம். டாக்டர்கிட்ட போங்கன்னா, நான் என்ன கிழவனான்னு எரிஞ்சு விழறார்."

"நீ எடுத்துச் சொல்லேன்க்கா."

"நான் எதுக்குச் சொல்லணும்? இருபத்தஞ்சு வருஷமா நான் சொன்ன எதைக் கேட்டிருக்கார்?" என்று அந்த லுங்கியை வாளியில் அமுக்கினாள்.

எனக்குத் தெரிந்தது பட்டன்காரிக்குத் தெரியாமல் இருக்குமா? அவள் மெஷின் என் மேசைக்குப் பக்கம். பட்டன் வைக்கிறவள் என்பதால் பட்டன்காரி. வாய்க்கு மட்டும் பட்டனே கிடையாது. அத்தான் நடைக்குள் திரும்பிய ஒரு நேரம், அவள் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை எடுத்து மெஷின் உடம்பில் 'டிங்' என்று ஒரு தட்டுத் தட்டினாள். அடுத்த முறை அவர் போனபோது பக்கத்து மெஷினிலிருந்தும் ஒரு டிங். அந்த வாரம் முடிவதற்குள் லைன் முழுக்கத் தொற்றிக்கொண்டது. அத்தான் எழுந்தால் போதும், இந்தப் பக்கம் டிங், அந்தப் பக்கம் டிங், அவர் நடைக்குள் நுழையும்வரை தொடரும். திரும்பி முறைத்தால் எல்லாத் தலையும் துணிமேல் குனிந்திருக்கும். மெஷின் இரைச்சலில் யாரைப் பிடிப்பது? காலர்காரி மட்டும் தட்டமாட்டாள். அவள் கத்தரி துணிமேலேயே இருக்கும்.

அவர் அதற்குப் பதிலடி கொடுத்தார். அட்டை கொடுப்பதை இன்னும் குறைத்தார். கத்தரிச் சத்தம் இன்னும் கூடியது.

சட்டைகளை வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்வையிட வந்த நாள் அது. அன்றைக்கு மட்டும் அட்டை தூணில் தொங்கியது. மெஷினுக்கு மெஷின் தண்ணீர் பாட்டில் வைக்கப்பட்டது. அத்தானுக்கு அன்று கடுமையான சளி. மூக்கு ஒழுகினால் மரியாதையாக இருக்காது என்று கடையில் ஏதோ மாத்திரை வாங்கி ஒன்றுக்கு இரண்டாக விழுங்கியிருந்தார். மேனேஜரும் வந்தவர்களும் முன்னால் நடக்க, இவர் பின்னால் நடந்து காலையெல்லாம் ஒவ்வொரு மெஷினாக விளக்கினார். இடையில் கழிப்பறைக்கு ஒதுங்க முடியவில்லை. மேனேஜர் முகத்தைப் பார்த்துப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

அவர்கள் போனதும் நடைக்கு ஓடினார். வரவே இல்லை. மேனேஜர் என்னிடம், "உங்க ஆளு உள்ள என்ன பண்றாரு, போய்ப் பாரு" என்றார்.

கதவைத் தட்டினேன். உள்ளே முனகல்.

"மச்சான்... வரமாட்டேங்குதுடா. ஒரு சொட்டு வரமாட்டேங்குது. வயிறு வெடிச்சுடும்டா."

தாழ்ப்பாளைத் திறந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. தொப்புளுக்குக் கீழே கைவைத்துப் பார்த்தேன். கல். தொட்டதற்கே அலறினார்.

வெளியே போக லைனுக்கு நடுவில் உள்ள ஒரே பாதைதான். ஒரு தோளில் நானும் மறு தோளில் காவலாளியுமாக அவரை இழுத்துக்கொண்டு வந்தோம். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆலையில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. பட்டன்காரி எழுந்தே நின்றுவிட்டாள். "அணையே அடைச்சுக்கிச்சா?" என்றாள், மெதுவாக அல்ல. இரண்டு வரிசையும் சிரித்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், துணியில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

காலர்காரி சிரிக்கவில்லை. அவள் மெஷினைத் தாண்டும்போது அத்தானால் அதற்குமேல் கால் வைக்க முடியாமல் நின்றுவிட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சார், இப்பதானே போயிட்டு வந்தீங்க?" என்றாள்.

பெடலை அழுத்தி மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு ஆண் நர்ஸ் மரத்துப்போகிற களிம்பைத் தடவி, ஆணுறுப்பின் வழியாக ரப்பர் குழாயைச் செலுத்தினார். அத்தான் கத்திய கத்தலில் பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு பையில் மூத்திரம் இறங்க ஆரம்பித்தது. இறங்கிக்கொண்டே இருந்தது. அத்தான் அந்த நர்ஸின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ நல்லா இருப்பப்பா, உன் பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கும்" என்று அழுதார். அவர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

சிறுநீரக டாக்டர் ஒரு பெண். அது தெரிந்ததும் அத்தான் என்னைப் பார்த்தார், வேறு ஆள் இல்லையா என்பதுபோல. இல்லை. அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். தொடையில் கட்டிய பையைத் துண்டால் மூடிக்கொண்டு நடுவில் அவர்.

"புராஸ்டேட்னு ஒரு சுரப்பி" என்றார் டாக்டர். "மூத்திரப் பைக்கு வாசல்ல, பாதையைச் சுத்தி உட்கார்ந்திருக்கும். வயசாக ஆக நிறைய ஆம்பளைங்களுக்குப் பெருக்கும். உங்களுக்கு உள்பக்கமாப் பெருத்துப் பாதையை நெரிக்குது. புற்றுநோய்க்கான அறிகுறி எதுவும் இல்ல, அதைப் பார்த்துட்டோம். அன்னைக்குச் சளி மாத்திரை போட்டீங்களே, அந்த மாதிரி மாத்திரை இருக்கிற பாதையையும் இறுக்கிடும். அதோட அவ்வளவு நேரம் அடக்கியிருக்கீங்க. ஏன் அடக்குனீங்க?"

"வேலை டாக்டர். போக முடியல."

"அடக்கறது பைக்கு நல்லதே இல்ல. கிருமி தங்கும், கிட்னி வரைக்கும் போகும். ஆம்பளையோ பொம்பளையோ, யாரா இருந்தாலும் சரி. போகக்கூடாதுன்னு வேலையில யாராவது சொன்னா அவங்களை என்கிட்ட அனுப்புங்க."

அத்தான் வருத்தமாகத் தலையை ஆட்டினார். "பாவம் டாக்டர் அது. மனுஷங்க செய்யற காரியமா?"

நான் தரையைப் பார்த்தேன். அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் கை நீட்டி என்னைக் கிள்ளினாள்.

முதலில் மாத்திரை கொடுத்து, சில நாள் கழித்துக் குழாயை எடுத்துப் பார்த்தார்கள். வரவில்லை. மறுபடி குழாய். அதற்குப் பிறகுதான் டாக்டர் மற்ற வழிகளைச் சொன்னார்.

"மூத்திரப் பாதை வழியாவே கருவியை விட்டு, அடைக்கிற சதையைச் சுரண்டி எடுக்கறது ஒரு வழி. லேசர்லயும் செய்வோம். நல்லா வேலை செய்யும், ரொம்ப வருஷம் தாங்கும். ஆனா மயக்கம் குடுக்கணும், கொஞ்ச நாள் இங்க தங்கணும், ரத்தம் போகும். அப்புறம், நிறைய பேருக்கு உறவு வெச்சுக்கும்போது விந்து வெளிய வராம பைக்குள்ளயே திரும்பிப் போயிடும். ஆபத்து ஒண்ணும் இல்ல. ஆனா முன்னாடியே சொல்லிடணும்."

அத்தான் தொண்டையைச் செருமினார். "அப்படின்னா... ஆம்பளைத்தனம்..."

"அதை நினைச்சுக் கவலைப்படாதீங்க" என்றாள் அக்கா. "போய் ரொம்ப நாளாச்சு."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்கேன் படத்தைத் திருப்பினார். அத்தானுக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. கட்டிய நாளிலிருந்து அவர் பேச, அவள் கேட்டுக்கொண்டிருந்தவள். அவர் எழுந்து போக முடியாதபடி ஒரு குழாய் அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பது அக்காவுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

"சின்ன வழிகளும் இருக்கு" என்று தொடர்ந்தார் டாக்டர். "குட்டிக் குட்டிக் கிளிப் போட்டுச் சதையை ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டறது ஒண்ணு, ஜன்னல் திரையை ஒதுக்கிக் கட்டற மாதிரி. ஆனா உங்களுக்கு நடுவுல ஒரு துண்டு பைக்குள்ள எட்டிப் பார்க்குது. அதுக்குக் கிளிப் சரிப்படாது. இன்னொண்ணு, தொடையிலயோ மணிக்கட்டுலயோ இருக்கிற ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு குழாயை விட்டு, சுரப்பிக்குப் போற ரத்தத்தை அடைக்கறது. சாப்பாடு இல்லாம அது சுருங்கும். அது இங்க செய்யறதில்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். மூணாவது, நீராவி. ஊசி வழியா அந்தச் சதைக்குள்ள சூடான ஆவியை விடுவோம். சதை செத்து, உடம்பே அதைக் கரைச்சுடும். சீக்கிரம் முடியற வேலை, அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். விந்துப் பிரச்சினையும் ரொம்பக் குறைவு. ஆனா ஒண்ணு. உடனே சரியாகாது. முதல்ல வீங்கும், எரியும், ரத்தம் கலந்து வரும். குழாய் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். முழுப் பலன் தெரிய மாசக்கணக்குல ஆகலாம். சில பேருக்குப் பின்னாடி மறுபடியும் செய்ய வேண்டி வரும்."

'அன்னைக்கே வீட்டுக்கு' என்பது மட்டும்தான் அத்தான் காதில் விழுந்தது. ஆலையில் அவர் இடத்துக்கு, துணி சரிபார்க்கிற மேசையிலிருந்த ஒரு பெண்ணைத் தற்காலிகமாக நிறுத்தியிருந்தார்கள். அது அவரை அரித்துக்கொண்டிருந்தது.

"ஆவியே போதும் டாக்டர்" என்றார். என் பக்கம் திரும்பினார். "நீதான் தினம் ஆவியோட நிக்கறியே மச்சான். என்ன சொல்ற?"

"கம்பளித் துணியில பட்டா சுருங்கும் அத்தான். மனுஷங்களைப் பத்தி எனக்குத் தெரியாது."

செய்துவிட்டு வெளியே கூட்டிவந்தபோது, "இவ்வளவுதானா?" என்றார். சாயங்காலம் மரப்பு விட்டது. அதற்குப் பிறகு அவர் அப்படிக் கேட்கவில்லை. ஊசியால் உள்ளுக்குள் தைக்கிற மாதிரி எரிகிறது என்றார். பையில் சிவப்பாக இறங்கியது. அக்கா வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தாள், பையைக் காலி செய்தாள், படுக்கையை மாற்றினாள். ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லவில்லை. "தண்ணி குடிங்க" என்று சொம்பை நீட்டுவாள். "குடிச்சா எரியுது" என்பார். "குடிக்கலன்னா அடைக்கும்" என்பாள். குடித்துவிட்டு வலியில் அவர் நெளிகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பார்த்த விதம் எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

லைனில் இதற்கிடையில் தற்காலிகப் பெண் அட்டையைத் தூணிலேயே தொங்கவிட்டாள். கேட்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள். பாட்டில்கள் காலியாகின. சட்டை எண்ணிக்கையும் கொஞ்சம் குறைந்தது, அதை மறைப்பதற்கில்லை. மேனேஜர் அத்தானுக்குப் போன் போட்டார். "வர்றீங்களா, இல்ல அந்தப் பொண்ணையே நிரந்தரமாப் போட்டுடவா?"

டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்லியிருந்தார். அத்தான் தொடையில் பையைக் கட்டிக்கொண்டு, தொளதொளப்பான பேன்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டார்.

அகட்டி அகட்டி நடந்தார். யாரும் கத்தரியால் தட்டவில்லை. அந்தப் பேன்ட்டைப் பார்த்தாலே போதுமாக இருந்தது அவர்களுக்கு. பட்டன்காரி மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம், "சாருக்கு இப்ப மெடலே வேணாம்டி. கூடவே கட்டிக்கிட்டு வந்துட்டார்" என்றாள்.

அன்று அவசரமாக ஒரு சரக்கு போக வேண்டியிருந்தது. மேனேஜரே லைனில் நின்றுகொண்டிருந்தார். மதியத்துக்கு மேல் பை நிறைந்துவிட்டது. அத்தான் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்பதைப் பார்த்தேன். மெல்ல நடைப்பக்கம் திரும்பினார்.

"எங்க போறீங்க?" என்றார் மேனேஜர்.

"ரெண்டே நிமிஷம் சார். பையைக் காலி பண்ணிட்டு..."

"அதுக்குத்தானே பை மாட்டி அனுப்பியிருக்காங்க? இந்தக் கட்டு ஏறட்டும். நில்லுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அத்தானைவிட மேனேஜர் வயதில் மிகச் சின்னவர். அத்தான் நின்றார். கட்டு ஏறியது. அடுத்த கட்டும் வந்தது. கீழே கிடந்த துணிக்கட்டை நகர்த்தக் குனிந்தபோது பையின் அடியிலிருந்த திருகு இளகியிருக்க வேண்டும். பேன்ட் கால் வழியாக இளஞ்சிவப்பாக ஒழுகி, சிமென்ட் தரையில் பரவி, காலர்காரியின் மெஷினை நோக்கி ஓடியது.

லைன் நின்றது. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. ரத்தம் கலந்திருந்ததால் இருக்கலாம். காலர்காரி எழுந்தாள். அவள் மாப்பை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தரையில் அடுக்கியிருந்த காலர் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மேசைமேல் வைத்தாள். கடைசிக் கட்டின் அடியைத் திருப்பி ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்தாள். படவில்லை. கால்களைத் தூக்கி நாற்காலிக் கம்பிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான் மேசையைவிட்டு நகர்ந்தேன். "உன் பெட்டி சூடா இருக்கு. துணி கருகினா உன் தலையில கட்டுவேன்" என்றார் மேனேஜர். நின்றுவிட்டேன். அத்தான் தானே மாப்பை எடுத்துவந்தார். குனிய முடியாமல், முழங்காலில் உட்கார்ந்து துடைத்தார். துடைக்கத் துடைக்க மேலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து போய்த் திருகை மூடிக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் போகும்வரை ஈரப் பேன்ட்டோடுதான் நின்றார்.

அந்த வாரக் கடைசியில் குழாயை எடுத்தார்கள். முதலில் மெல்லிசாக, விட்டு விட்டு வந்தது. நாள் போகப் போக எரிச்சல் குறைந்தது. டாக்டர் சொன்னதுபோலவே உள்ளே அந்தச் சதை மெல்ல மெல்லச் சுருங்கியிருக்க வேண்டும். ஒருநாள் காலை நான் அவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கழிப்பறையிலிருந்து குரல் வந்தது.

"மச்சான்! இங்க வாடா! கதவுகிட்ட வந்து கேளு!"

போய்க் கேட்டேன். வாளியில் குழாய் திறந்த மாதிரி சத்தம்.

"கேட்டியா? இருபது வயசுப் பையனுக்குக்கூட இப்படி வராதுடா!"

"ஊருக்கே சொல்லுங்க" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

அன்றைக்கே அட்டை தூணிலிருந்து அவர் சட்டைப் பைக்குப் போனது. நான் உண்மையாகவே வேறு எதையோ எதிர்பார்த்திருந்தேன். அவர் லைன் முன்னால் நின்று, "நான் உடம்புக்குள்ள குழாயோட இங்க நின்னேன். ரத்தம் ஒழுக ஒழுக நின்னேன். உங்களால ஒரு கட்டு முடிக்கிறவரைக்கும் உட்கார முடியாதா?" என்றார். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்வார். இப்போது சிரிப்பும் போய்விட்டது. தான் பட்டதை அவர்கள் பார்த்துவிட்டார்கள் என்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்று நினைக்கிறேன்.

காலர்காரி எழுந்தாள். அவர் முன்னால் வந்து நிற்கவில்லை, கேட்கவில்லை. அவரைத் தாண்டி நேராகக் கழிப்பறைக்கு நடந்தாள். போய்விட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தைத்தாள். மறுநாள் காவலாளி அவளைக் கேட்டுக்கு உள்ளே விடவில்லை. பட்டன்காரி அன்று முழுவதும் வாயைத் திறக்கவில்லை. கத்தரிச் சத்தமும் அதன்பிறகு கேட்கவே இல்லை.

சில வாரம் கழித்து அவளைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். வேறொரு ஆலையில் சேர்ந்திருந்தாள்.

"அங்க எப்படி?" என்று கேட்டேன்.

"அங்கயும் ஒருத்தர் இருக்கார்" என்றாள். "அவருக்கு இன்னும் வயசாகல. அவ்வளவுதான்."

டாக்டரிடம் கடைசியாகக் காட்டப் போனபோது அக்காவும் நானும் கூடப் போனோம். காத்திருக்கிற இடத்தில் லாரி ஓட்டுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். குழாய், பை எல்லாமும். முகம் வெளுத்திருந்தது. அன்று அவருக்கு நீராவி வைக்கப் போகிறார்கள். அத்தான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்க தம்பி. நானும் செஞ்சுக்கிட்டவன்தான். என்னைப் பாருங்க."

அந்த ஆளின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். எங்கே எரியும், எத்தனை நாளில் அடங்கும், ரத்தம் வந்தால் பதற வேண்டியதில்லை, பையை எப்படிக் கட்டினால் தொடையை அறுக்காது என்று ஒவ்வொன்றாக, பொறுமையாகச் சொன்னார். பை நிறைந்திருப்பதை அவரே கவனித்தார். எழுந்து போய்க் கழிப்பறைக் கதவை இழுத்துப் பார்த்தார். பூட்டியிருந்தது. சுத்தம் செய்கிறவர்கள் வந்துதான் திறப்பார்கள் என்றாள் நர்ஸ்.

"என்னம்மா பேசறீங்க நீங்க?" என்று அத்தான் இரைந்தார். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "உள்ள குழாயை வெச்சுக்கிட்டு ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் உட்காருவான்? சாவி எங்க? குடுங்க, நான் திறக்கறேன்."

சாவியை வாங்கித் திறந்து, அந்த ஆளைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே கூட்டிப் போனார். பையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அந்த ஆள் அடிமேல் அடிவைத்து நடக்கும்வரை காத்திருந்து, தானே அதைக் காலி செய்தார். ஒரு சொட்டு அவர்மேல் படவில்லை. வெளியே வந்ததும் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார்.

"எவ்வளவு நல்ல மனுஷன் உங்க வீட்டுக்காரர்" என்றாள் அந்த லாரிக்காரரின் மனைவி, அக்காவிடம்.

அக்கா அவளைப் பார்த்தாள். தன் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் வீட்டுக்குப் போறேன்டா, நீ கூட்டிட்டு வா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனாள்.